உட்பகையின் நடிப்பு: எம்.என். நம்பியாரின் எதிர்நாயகப் பாத்திரங்கள், மெய்ப்பாட்டு நோக்கில்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரைப்பட ஆய்வுகளில் நாயகப் பிம்பம் பெற்ற கவனத்தில் சிறு பங்கையும் எதிர்நாயகப் பாத்திரம் பெறவில்லை. எம்.என். நம்பியார் (1919–2008) குறித்த எழுத்துகள் பெரும்பாலும் 'திரையில் கொடியவர், வாழ்வில் உத்தமர்' என்னும் ஒற்றை வாய்பாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அவ்வாய்பாடு நடிகரின் ஒழுக்கத்தைப் போற்றுகிறது. அவரது நடிப்பைப் பேசாமல் விடுகிறது. இக்கட்டுரை தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும் திருக்குறளின் 'உட்பகை' அதிகாரத்தையும் அளவுகோல்களாகக் கொண்டு, நம்பியாரின் நடிப்பு எள்ளலில் பிறக்கும் நகையை வெளிக்காட்டிப் பார்வையாளரிடம் வெகுளியைப் பிறப்பிக்கும் கலை என நிறுவ முயல்கிறது. நாயகனின் அரசியல் மதிப்பு உருவானதில் இவ்வெகுளிக்கு இருந்த பங்கு, தேனி–கம்பம் பள்ளத்தாக்கின் பார்வையாளர் சூழலை முன்வைத்து விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எம்.என். நம்பியார், எதிர்நாயகன், மெய்ப்பாடு, எள்ளல், வெகுளி, உட்பகை, பாலர் நாடகம், கம்பம் பள்ளத்தாக்கு

1. முன்னுரை

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லையாற்றின் கரையில் அமைந்த ஊர் வீரபாண்டி. இங்குள்ள கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா இப்பள்ளத்தாக்கின் பெருவிழாவாகும். கம்பம் நடுதலும் அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஒருபுறம் நிகழ, இரவுப் பொழுதுகள் கூத்துக்கும் நாடகத்துக்கும் உரியனவாக இருந்துவந்துள்ளன. தென்மாவட்டத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'அரிச்சந்திர மயான காண்டம்' ஆகிய இசைநாடகங்கள் நிகழ்ந்த அதே பொட்டல்களில் பின்னாளில் வெண்திரை கட்டித் திரைப்படங்களும் காட்டப்பட்டன. எனவே, இப்பகுதிப் பார்வையாளர் திரைப்படத்தை நாடகத்தின் தொடர்ச்சியாகவே எதிர்கொண்டனர் எனக் கொள்வதில் பிழையில்லை.

அத்தகைய பார்வையாளரிடையே ஒரு நடிகரின் பெயர் பண்புப்பெயராக மாறியது. சூது செய்பவனை, உறவினரிடையே கலகம் மூட்டுபவனை, முகத்துக்கு நேரே சிரித்துப் பின்னால் குழி பறிப்பவனை 'நம்பியார்' என்று சுட்டும் வழக்கு தமிழகம் முழுவதும் பேச்சில் உண்டு. கைகளைப் பிசைந்து, புருவம் உயர்த்தி, குரலை இழுத்துப் பேசும் நம்பியார் பாவனை பலகுரல் கலைஞர்களின் மேடைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. ஒரு நடிகரின் பெயர் ஒரு குணத்தின் பெயராகவே ஆகிவிடுவது நடிப்பின் வலிமைக்குச் சான்று. எனினும் அவ்வலிமை எங்கிருந்து வந்தது, எவ்வாறு இயங்கியது என்னும் வினா திறனாய்வில் உரிய அளவு எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை அவ்வினாவை எடுத்துக்கொள்கிறது.

2. முன்னாய்வுகளும் இடைவெளியும்

தமிழ்த் திரைப்படத்தைச் சமூக, அரசியல் நோக்கில் ஆராய்ந்தோருள் கா. சிவத்தம்பி, சு. தியடோர் பாஸ்கரன், எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆகியோர் முதன்மையானவர்கள். குறிப்பாக, 1992இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, 'பிம்பச் சிறை' என்னும் தலைப்பில் தமிழாக்கம் பெற்ற பாண்டியனின் நூல், எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பம் அடித்தட்டு மக்களின் ஏக்கங்களை எவ்வாறு உள்வாங்கி அரசியல் ஆதரவாக மாற்றியது என்பதை விளக்கியது. இவ்வாய்வு மரபில் எதிர்நாயகன் இடம்பெறுகிறான். ஆனால் நிலவுடைமையாளன், வட்டிக்காரன், கொடுங்கோலன் என அதிகாரத்தின் ஒரு வகைமாதிரியாகவே இடம்பெறுகிறான். அவனை நடித்தவர் யார், எப்படி நடித்தார் என்பன அங்கு வினாக்களாக எழுவதில்லை. அந்நூல்களின் நோக்கம் வேறாதலின் இதைக் குறையாகச் சுட்ட இயலாது; நிரப்பப்பட வேண்டிய இடைவெளியாகவே கருதவேண்டும்.

இதழியல் எழுத்துகளிலோ நிலைமை வேறு. அங்கு நம்பியார் மிகுதியாகவே பேசப்படுகிறார். மரக்கறி உணவினர், மது அருந்தாதவர், பல்லாண்டுகள் சபரிமலை சென்றவர், 'மகா குருசாமி' எனப் போற்றப்பட்டவர் என்னும் செய்திகள் ஒவ்வொரு நினைவுக் குறிப்பிலும் மீள மீள வருகின்றன. இவை உண்மையான செய்திகளே. ஆயினும் இவை நடிப்பைப் பற்றிய செய்திகள் அல்ல. நாயக நடிகரின் திரைச் செயல்களை அவரது வாழ்வின் பண்புகளாக நம்பிய அதே பார்வை, எதிர்நாயக நடிகரின் வாழ்வுப் பண்புகளைத் திரைச் செயல்களுக்கு மறுப்பாக முன்வைக்கிறது. இரண்டிலும் அளவுகோல் ஒன்றே: நடிகரின் ஒழுக்கம். நல்லவராக இருந்ததற்காக ஒரு நடிகரைப் பாராட்டுவது அவரது தொழிலைப் பாராட்டுவதாகாது.

3. வில்லன் என்னும் சொல்லும் பாத்திரமும்

'வில்லன்' ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழ் ஆண்பால் ஈற்றோடு இயல்பாகப் பொருந்திவிட்ட சொல். வில்லையுடையவன் எனப் பொருள்படும் பழந்தமிழ்ச் சொல்லோடு அது ஒலியில் ஒன்றிவிட்டமையும், 'வில்லி' எனப் பெண்பால் வடிவம் பெற்றமையும் அதன் வேரூன்றலுக்குச் சான்றுகள். ஆய்வுலகில் 'எதிர்நாயகன்', 'எதிர்த்தலைவன்' என்னும் சொற்கள் வழங்குகின்றன. சொல் புதிதாயினும் பாத்திரத்துக்கு நாடக மரபில் முன்னோடிகள் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த இசைநாடக மேடையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்னும் பகுப்போடு 'கள்ளபார்ட்' என்னும் பகுப்பும் இருந்தது. கூத்து மரபிலோ துரியோதனனும் கீசகனும் இரணியனும் இருந்தனர்.

எனினும் இம்முன்னோடிகளுக்கும் திரைப்பட எதிர்நாயகனுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. அசுரன் நாயகனுக்கு இனத்தால் வேறானவன்; தவமும் வரமும் பெற்றவன்; தன் பகையை மறைக்காதவன். அவனுக்கெனத் தனிப் பெருமிதமும் உண்டு. ஆர்.எஸ். மனோகர் தம் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் இராவணனை நாயகனாகவே நிறுத்த முடிந்தது அதனால்தான். திரைப்பட எதிர்நாயகனுக்கு இத்தகைய உயரம் பெரும்பாலும் இல்லை. அவன் மாமன், மைத்துனன், ராஜகுரு, திவான், குடும்ப நண்பன். அதே வீட்டில் உண்பவன். அதே அவையில் அமர்பவன்.

மேலைத் திரைப்படத்தோடு ஒப்பிடுகையில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' (1938) படத்தில் எரால் ஃபிளினுக்கு எதிராக வாள் சுழற்றிய பேசில் ராத்போன், ஹாலிவுட்டின் எதிர்நாயக நடிகருள் தலையாயவர். வாட்பயிற்சியில் நாயக நடிகரை விஞ்சியவராக இருந்தும் ஒவ்வொரு படத்திலும் தோற்கவேண்டிய பணி அவருடையது. அவர் ஏற்ற கிஸ்போர்ன் பிரபு நார்மானிய ஆதிக்கத்தின் முகம். நாயகனுக்கு வெளியே நிற்பவன். நம் ராஜா ராணிப் படங்கள் ஹாலிவுட் வாட்சண்டைப் படங்களிலிருந்து பலவற்றைப் பெற்றிருந்தாலும், பகையைக் குடும்பத்துக்குள்ளும் உறவுக்குள்ளும் கொண்டுவந்து வைத்தது தமிழ்ப்படத்தின் தனித்தன்மை எனலாம்.

இத்தகைய பகைக்கு வள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல் ஆகியவற்றை அடுத்து 'உட்பகை' (அதிகாரம் 89) அமைந்துள்ளது. வெளிப்படையான வாளுக்கு அஞ்சவேண்டியதில்லை, உறவுபோல் வரும் பகைக்கே அஞ்சவேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் மையக் கருத்து. உறவு முறையிலேயே தோன்றும் பகையின் கேட்டையும், ஒரே குடிலில் பாம்போடு வாழ்தல் போன்ற அதன் இயல்பையும் வள்ளுவர் உணர்த்துவார். நம்பியார் நடிப்பின் களம் இவ்வுட்பகையே.

4. மெய்ப்பாட்டியல் என்னும் அளவுகோல்

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்குரிய இலக்கணம். அதைத் திரை நடிப்புக்குப் பொருத்தலாமா என்னும் ஐயம் எழலாம். அவ்வியலின் தொடக்க நூற்பாக்களே விளையாட்டும் ஆடலும் நிகழும் 'பண்ணை'யைச் சுட்டுகின்றன. உரையாசிரியர்களும் நாடக நூலார் கொள்கையை நினைவூட்டியே அவ்வியலை விளக்குகின்றனர். எனவே ஆடுகளத்திலிருந்து செய்யுளுக்கு வந்த ஒரு கோட்பாட்டை மீண்டும் ஆடுகளத்துக்குக் கொண்டுசெல்வது முறையற்றதாகாது.

எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும். அவற்றுள் இரண்டு இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை. ஒன்று, நகை. அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றால் தோன்றும். மற்றொன்று, வெகுளி. அது உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகியவற்றால் தோன்றும். உறுப்பறை என்பது உறுப்புகளைச் சிதைத்தல், குடிகோள் என்பது சுற்றத்துக்கும் குடிக்கும் கேடு சூழ்தல், அலை என்பது அடித்தும் வைதும் வருத்துதல், கொலை வெளிப்படை. இந்நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தமிழ்த் திரைப்பட எதிர்நாயகனின் செயற்பட்டியலாகவே அவை தோன்றும். வெகுளியின் நிலைக்களன்கள் அனைத்தும் பிறர் செய்யும் கொடுமைகள். கொடுமை செய்பவன் வெகுள்வதில்லை. கொடுமைக்கு ஆளாபவனும் அதைக் காண்பவனுமே வெகுள்கின்றனர்.

மெய்ப்பாடு பிறக்கும் முறையைச் சுவைப்பொருள், சுவையுணர்வு, குறிப்பு, விறல் என நான்காகப் பகுத்துக் காட்டுவர் உரையாசிரியர். புலி சுவைப்பொருள், அதைக் கண்டு எழும் அச்சம் உணர்வு, உள்ளத்தில் நிகழும் வேறுபாடு குறிப்பு, நடுங்கலும் வியர்த்தலும் விறல். அஞ்சியவனைக் காண்பவனுக்கு அச்சம் பிறப்பதில்லை, நகையோ இரக்கமோ பிறக்கலாம் என்னும் விவாதமும் உரையில் உண்டு. ஒருவனது மெய்ப்பாடு காண்பவனிடம் அப்படியே சென்று சேர்வதில்லை, வேறொரு மெய்ப்பாடாக மாறிச் சேர்கிறது என்பது இதனால் பெறப்படும்.

எதிர்நாயக நடிப்பை விளக்கும் திறவுகோல் இவ்வுரைக் கருத்தில் உள்ளது. நாயக நடிகர் அழுதால் பார்வையாளர் அழுகின்றனர். பெருமிதம் கொண்டால் அவர்களும் பெருமிதம் கொள்கின்றனர். எதிர்நாயக நடிகருக்கு இவ்வாய்ப்பு இல்லை. அவர் சிரிக்கவேண்டும், பார்வையாளர் சினக்கவேண்டும். தம் மெய்ப்பாட்டுக்கு நேர்மாறான மெய்ப்பாட்டைக் காண்போரிடம் பிறப்பிப்பதே அவரது தொழில். அவர் தம்மைச் சுவைப்பொருளாக, உரைகாரர் கூறும் புலியாக, ஆக்கிக்கொள்ளவேண்டும்.

5. பாலர் நாடகப் பயிற்சி

கண்ணூர்ப் பகுதியில் பிறந்து உதகையில் வளர்ந்த மஞ்சேரி நாராயணன் நம்பியார், தம் 13ஆம் வயதில் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபாவில் சேர்ந்தார். 1935இல் வெளிவந்த 'பக்த ராமதாஸ்' அவரது முதல் படம். அது அக்குழுவின் நாடகத்திலிருந்து உருவான படமாகும். பக்தி நாடகங்களுக்குப் பெயர்பெற்ற அக்குழு 'சபரிமலை ஐயப்பன்', 'குமார விஜயம்', 'இயேசுநாதர்' ஆகிய நாடகங்களை நடத்தியது. தமிழகத்தில் ஐயப்ப வழிபாடு பரவியதில் அந்நாடகத்துக்குப் பங்குண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

பாலர் நாடக சபைகள் சிறுவர்களைக் குழுவோடு தங்கவைத்து வளர்த்த நிறுவனங்கள். குறித்த நேரத்தில் எழுதல், பாடம் ஒப்பித்தல், குரல் பயிற்சி, உடற்பயிற்சி என நாள் முழுவதும் ஒழுங்குக்குள் இயங்கியவை. ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசைக்கும் சொல் கேட்கவேண்டிய மேடையில், சொல்லைப் பிளந்து, எழுத்தெழுத்தாக ஒலிக்கும் திறமே நடிகனின் முதலீடு.

'திரையில் கொடியவர், வாழ்வில் உத்தமர்' என்னும் வாய்பாடு முரணாகக் காண்பதை இப்பின்னணி வேறு வகையில் விளக்குகிறது. நம்பியாரின் விரதமும் அவரது எதிர்நாயக நடிப்பும் ஒரே பள்ளியில் பயின்றவை. உடலையும் குரலையும் தம் ஆளுகைக்குள் வைத்திருத்தல் இரண்டுக்கும் பொது. கட்டுக்கடங்காத வெறியைக் காட்டும் நடிகர் எதிர்நாயகப் பாத்திரத்தில் அச்சத்தை எழுப்பக்கூடும். தன்னை முழுதும் அடக்கிவைத்திருப்பவனாகத் தோன்றும் நடிகரோ அவனுள் என்ன இருக்கிறது என்னும் ஐயத்தை எழுப்புகிறார். உட்பகைக்கு வேண்டியது இவ்வடக்கமே. ஆகவே அவரது பக்தியும் வில்லத்தனமும் ஒன்றையொன்று மறுப்பனவாகா. இரண்டும் ஒரு பயிற்சியின் இரு பயன்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தொடக்கத்தில் நம்பியார் எதிர்நாயகராக மட்டும் வரையறுக்கப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய 'திகம்பர சாமியார்' (1950) படத்தில் பல மாறுவேடங்கள் ஏற்ற முதன்மைப் பாத்திரம் அவருடையது. 'கல்யாணி' (1952) படத்திலும் அவர் நாயகர். அதே ஆண்டில், மாடர்ன் தியேட்டர்ஸ் பங்கேற்புடன் உருவான 'தி ஜங்கிள்' என்னும் ஆங்கிலப் படத்தில் ராட் கேமரன், சீசர் ரொமேரோ ஆகியோருடன் நடித்தார். எதிர்நாயகம் அவருக்கு வேறு வழியின்றி வாய்த்த இடமன்று. பல வேடங்களுக்குப் பழகிய நடிகர் ஒன்றில் நிலைபெற்ற இடம்.

6. நம்பியாரும் வீரப்பாவும்

எதிர்நாயக நடிப்பில் நம்பியாரின் தனித்தன்மையை அறிய அவரது சமகாலத்தவரான பி.எஸ். வீரப்பாவுடன் ஒப்பிடுதல் தகும். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'மகாதேவி' (1957), 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) ஆகிய படங்களில் வீரப்பாவின் அதிரும் சிரிப்பு அவரது முத்திரையாயிற்று. அச்சிரிப்பு வாய்திறந்த சிரிப்பு, மார்பிலிருந்து எழுவது, அரங்கை நிறைப்பது. அது பகையை அறிவிக்கும் முரசு. கதைப்படி 'மகாதேவி'யின் கருணாகரன் அரண்மனைக்குள் இருப்பவனே. எனினும் அவன் சிரித்த மாத்திரத்தில் உட்பகை வெளிப்பகையாகிவிடுகிறது. ஆகவே இவ்விருவரிடை வேறுபாடு கதையமைப்பில் இல்லை, நடிப்பில் உள்ளது.

நம்பியாரின் சிரிப்பு பெரும்பாலும் உதட்டோடு நிற்பது. கண்கள் அதில் கலந்துகொள்வதில்லை. சொல்லின் இறுதியை இழுத்து, அவ்விழுப்பிலேயே எதிரிலிருப்பவனை எடைபோட்டு முடிப்பது அவரது பேச்சுமுறை. வீரப்பாவின் நகை தன் வலிமையை எண்ணிய களிப்பிலிருந்து பிறக்கிறது, உவகைக்கு அண்மையானது. நம்பியாரின் நகை எதிரிலிருப்பவனின் எளிமையை எண்ணிப் பிறக்கிறது; தூய எள்ளல். இருவரும் எம்.ஜி.ஆர் இயக்கிய 'நாடோடி மன்ன'னில் (1958) ஒருங்கே தோன்றுகின்றனர். ராஜகுருவாக வீரப்பாவும் பிங்கலனாக நம்பியாரும் அமைந்த அப்படம் இவ்விரு நடிப்பு முறைகளையும் அருகருகே வைத்துக் காணக் கிடைத்த அரிய வாய்ப்பு.

எள்ளல் எனின் எம்.ஆர். ராதாவின் பெயர் உடன் நினைவுக்கு வரும். 'ரத்தக்கண்ணீர்' (1954) முதலாக ராதாவின் எள்ளல் பாத்திரத்தின் எல்லையைக் கடந்து சமூகத்தை நோக்கிப் பாய்வது. எள்ளப்படுவது மூடநம்பிக்கையும் போலி மதிப்பும் ஆதலின் பார்வையாளர் அவரோடு சேர்ந்து சிரிக்கின்றனர். நம்பியாரின் எள்ளல் எதிரில் நிற்கும் எளியவரை நோக்கியது. பார்வையாளர் தம்மை அவ்வெளியவரின் இடத்தில் வைத்துக் காண்பதால், எள்ளப்படுவது தாமே என உணர்கின்றனர். எள்ளல் ஒன்றே, அது ஓரிடத்தில் நகையாகவும் மற்றோரிடத்தில் வெகுளியாகவும் சென்று சேர்கிறது.

7. பாத்திர வாசிப்பு

7.1 ராஜகுரு

மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்து எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும் இயக்கிய 'மந்திரி குமாரி' (1950), குண்டலகேசிக் கதையைத் தழுவி மு. கருணாநிதியின் உரையாடலோடு வெளிவந்தது. தன் மகன் பார்த்திபனைத் தளபதியாக்க விழையும் ராஜகுருவாக நம்பியார் நடித்தார். மகனாக நடித்தவர் எஸ்.ஏ. நடராஜன். அப்போது நம்பியாருக்கு வயது 31. வயதில் மூத்த தந்தையை இளைஞர் ஒருவர் நடிக்கவேண்டிய இச்சூழலில், முதுமையை உடல் தளர்ச்சியால் காட்டாமல் பேச்சின் நிதானத்தால் காட்டியமை குறிப்பிடத்தக்கது.

திராவிட இயக்கச் சார்புடைய படங்களில் ராஜகுரு சமயத்தின் பெயரால் ஆட்சியை இயக்கும் அதிகாரத்தின் குறியீடு. அக்குறியீட்டுக்கு உயிர் தரவேண்டுமெனில் அவன் அரசனால் நம்பப்படுபவனாகத் தோன்றவேண்டும். கொள்ளையில் இறங்கும் மகன் பகையின் வெளித்தோற்றம். அவையில் அமர்ந்திருக்கும் தந்தை அதன் வேர். மோனை செறிந்த அடுக்குமொழி உரையாடல் எளிதில் முழக்கமாகிவிடக் கூடியது. நம்பியார் அதை முழக்கமாக்காமல் அறிவுரையின் தொனியில் வெளியிடுகையில், குருவின் குரலே சூழ்ச்சியின் குரலாக ஒலிக்கிறது.

7.2 கஜேந்திரன்

'உத்தமபுத்திர'னில் (1958) அரசியின் உடன்பிறந்தவனாக வந்து, மருமகனைத் தீயொழுக்கத்தில் வளர்த்துத் தான் ஆள நினைக்கும் பாத்திரத்தில் நம்பியார் நடித்தார். அரண்மனையில் நிகழ்ந்த அவ்வுட்பகை, தாபி சாணக்யா இயக்கிய 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965) சமீன் வீட்டுக்கு இடம்பெயர்கிறது. தெலுங்குப் படமான 'ராமுடு பீமுடு'வின் மறுவாக்கமான இப்படத்தில், கஜேந்திரன் சொத்துக்கு உரியவனான ராமுவின் அக்காள் கணவன். கொடுக்கவேண்டியவனை அஞ்சி வாங்குபவனாக ஆக்கி வைத்திருப்பவன். அவன் கையிலுள்ள சாட்டை தொல்காப்பியம் கூறும் 'அலை'யின் கண்கூடான வடிவம்.

இங்குக் கருதவேண்டியது, கஜேந்திரன் சாட்டையை எடுக்காத காட்சிகளிலும் சாட்டை இருப்பதாகவே உணரப்படுகிறது என்பது. வீட்டில் அனைவரும் அவனது காலடியோசைக்கு அடங்குகின்றனர். அக்காளும் பேச இயலாதவளாகிறாள். மாப்பிள்ளை என்னும் உறவு தரும் மதிப்பே அவனுக்குக் காப்பு. அக்காள் கணவனை எதிர்த்துப் பேசத் தயங்கும் குடும்ப வழக்கை நன்கறிந்த பார்வையாளருக்கு, ராமுவின் கோழைமை நம்பமுடியாத ஒன்றாகத் தோன்றியிராது. உட்பகையின் கொடுமை, அதை எதிர்த்தால் உறவு அறும் என்பதே.

ராமுவின் இடத்துக்கு வரும் இளங்கோ அதே சாட்டையைப் பிடுங்கி மாடிப்படிகளில் கஜேந்திரனை விரட்டியடிக்கும் பாடற்காட்சி தமிழ்த் திரைப்பட வரலாற்றின் புகழ்பெற்ற காட்சிகளுள் ஒன்று. அக்காட்சியின் வெற்றி நாயகனுடையதாகவே பேசப்படுகிறது. அக்களிப்பு, அதற்கு முன் ஒவ்வொரு காட்சியிலும் சேர்த்துவைக்கப்பட்ட வெகுளியின் வெடிப்பாகும். சேர்த்துவைத்தவர் நம்பியார். அடிபடும்போது அவர் காட்டும் திகைப்பும் நடிப்பின் கூறே. வலியைவிட, இவன் எப்படித் திருப்பி அடிக்கிறான் என்னும் மருட்கையே அதில் மிகுதி. அம்மருட்கைதான் நாயகனின் பெருமிதத்தை உறுதிசெய்கிறது.

7.3 மதன்பூர் மகாராஜா

ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் நம்பியார் ஏற்ற மதன்பூர் மகாராஜா பாத்திரம் சிறிது. ஆயினும் அவரது நடிப்பாற்றலை அறிய மிகவும் உதவுவது. இங்குச் சாட்டையும் வாளும் இல்லை. வைத்தியின் சூழ்ச்சியால் அரண்மனைக்கு வந்து சேரும் மோகனாவுக்குக் கிடைப்பது விருந்தோம்பல். அவ்விருந்தோம்பலே வலை. கலையைப் போற்றுபவனாகத் தோன்றும் செல்வனின் பார்வையில் வேறொன்று கலந்திருப்பதைக் கண்ணசைவால் மட்டும் உணர்த்தவேண்டிய காட்சிகள் அவை. வெகுளியின் நான்கு நிலைக்களன்களில் ஒன்றும் நிகழாமலேயே, நிகழக்கூடும் என்னும் அச்சம் நிலவுகிறது. கொடுமையைக் காட்டாமல் அதன் சாத்தியத்தை மட்டும் நடித்த இப்பாத்திரம், கஜேந்திரனுக்கு நேர் எதிர்முனையில் நிற்பது.

8. நாயகனின் கடன்

தேனிப் பகுதிக்கும் திரைப்பட அரசியலுக்கும் நெடுந்தொடர்பு உண்டு. 1962இல் தேனித் தொகுதி நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. தேர்தல் வழியே சட்டமன்றம் சென்ற தொடக்கக்கால நடிகருள் அவர் ஒருவர். 1984 டிசம்பர் தேர்தலில் ஆண்டிபட்டித் தொகுதியில் எம்.ஜி.ஆர் போட்டியிட்டார். அப்போது அவர் நியூயார்க் நகர மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்தார். தொகுதிக்கு வந்து வாக்குக் கேட்க இயலவில்லை. மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகள் படமாகத் திரையிடப்பட்டன. அவர் வென்றார்.

நேரில் வராத ஒருவருக்கு விழுந்த இவ்வாக்குகளை அனுதாபம் என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிடுவது வழக்கம். ஆட்சியின் நலத்திட்டங்களும் கட்சி அமைப்பும் அதில் பங்கு பெற்றிருக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் துன்புறும் நாயகன் மீண்டு வருவான் என்னும் நம்பிக்கை, பல ஆண்டுகளாகத் திரையில் பயிற்றுவிக்கப்பட்ட ஒன்று. 1967 சனவரியில் எம்.ஆர். ராதாவால் சுடப்பட்டு, கழுத்தில் கட்டோடு மருத்துவமனையிலிருந்தபடியே எம்.ஜி.ஆர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றபோதும் இதே நம்பிக்கை செயற்பட்டது. நாயகன் அடிவாங்கியதைப் பார்வையாளர் கண்டிருக்கவேண்டும். அப்போதுதான் அவன் எழுச்சி பொருள்பெறும். அடித்தவர் எவராகவும் இருந்திருக்கலாம் என்பதன்று. வெளிப்பகைவனிடம் அடிவாங்குவது வீரக் குறைவு. உறவின் பெயரால் அடிப்பவனிடம் அடிவாங்குவது பொறுமை. நம்பியாரின் உட்பகை நாயகனின் தோல்வியைக் கோழைமையாக அன்றிப் பொறுமையாகக் காணச் செய்தது. நாயகப் பிம்பம் அவருக்குப் பட்ட கடன் இது.

கம்பம் பள்ளத்தாக்கு போன்ற வேளாண் பகுதியில் நிலம், நீர்ப்பங்கு, வட்டி, வாரிசுரிமை ஆகியன குறித்த பூசல்கள் பெரும்பாலும் உறவினருக்கிடையே நிகழ்பவை. இத்தகைய வாழ்வுச் சூழலில் கஜேந்திரன் அயலான் அல்லன். அவன் முகத்தைப் பார்வையாளர் முன்பே அறிவர். அதற்கு ஒரு பெயர் மட்டும் தேவைப்பட்டது. 'நம்பியார்' என்னும் பெயர் பண்புப்பெயரானதன் காரணத்தை இங்குத் தேடலாம்.

9. எல்லைகளும் எதிர்வாதங்களும்

இவ்வாசிப்புக்குச் சில எல்லைகள் உண்டு. முதலாவதாக, நம்பியாரின் எல்லாப் பாத்திரங்களும் மேற்கண்ட செறிவுடையன அல்ல. 1960களின் பிற்பகுதியிலிருந்து எதிர்நாயகன் கடத்தல்காரனாகவும் கள்ளப்பணக்காரனாகவும் மாறியபோது, உட்பகைக்குரிய உறவுத் தளம் மெலிந்தது. வேடப் புதுமை அதன் இடத்தைப் பிடித்தது. 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) படத்தில் துருத்திய பற்களோடு தோன்றும் அவரது வேடம் நினைவில் நிற்பது. எனினும் அதில் நடிப்பைவிட ஒப்பனையே மிகுதி.

இரண்டாவதாக, வெகுளியை எழுப்பும் செயல்களுள் பெண்ணின் மீதான வன்முறை இப்படங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்டது. பெண்ணின் துன்பம் நாயகனின் வருகைக்கு வாயிலாக மட்டுமே அமைந்தது. அவளது வெகுளிக்கு இடமளிக்கப்படவில்லை. நடிப்பின் திறத்தைப் போற்றும் ஆய்வு இக்கதையமைப்பின் குறையை மறைக்கக்கூடாது. திறம்பட எழுப்பப்பட்ட வெகுளி யாருக்கு உரியதாக்கப்பட்டது என்னும் வினா தனியே ஆராயத்தக்கது.

மூன்றாவதாக, பாக்யராஜின் 'தூறல் நின்னு போச்சு' (1982) படத்தில் நம்பியார் நல்லியல்பும் நகைச்சுவையும் கொண்ட பயில்வானாக நடித்துப் புதிய தலைமுறையின் அன்பைப் பெற்றார். எதிர்நாயகத் தன்மை அவரது உடலோடு பிறந்ததன்று என்பதை இது காட்டுகிறது. அதே வேளையில், அப்பாத்திரத்தின் சுவையே பழைய நம்பியாரை அறிந்த பார்வையாளரின் எதிர்பார்ப்பைப் பொய்யாக்குவதில் இருந்தது. அவரது எள்ளல் இங்குத் தம் பழைய பிம்பத்தின் மீதே திரும்பியது. முப்பதாண்டுகள் வெகுளியாகச் சென்று சேர்ந்த நகை, முதன்முறையாக நகையாகவே சென்று சேர்ந்தது.

10. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம். எதிர்நாயக நடிப்பு, நடிகரின் மெய்ப்பாடும் பார்வையாளரின் மெய்ப்பாடும் எதிரெதிராக அமையும் தனிவகை நடிப்பு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அதன் உரைகளும் அதை விளக்கப் போதிய கருவிகளைத் தருகின்றன. நம்பியாரின் தனித்தன்மை, எள்ளலில் பிறக்கும் அடங்கிய நகையால் பார்வையாளரிடம் வெகுளியை எழுப்பியதில் உள்ளது. வீரப்பாவின் வெளிப்பகை நடிப்பிலிருந்து அது இவ்வகையில் வேறுபடுகிறது. அவரது வாழ்வொழுக்கமும் திரைக்கொடுமையும் முரண்கள் அல்ல; பாலர் நாடகப் பயிற்சி இரண்டுக்கும் பொது ஊற்றாகக் கொள்ளத்தக்கது. நாயகப் பிம்பத்தின் அரசியல் வலிமையை மதிப்பிடும் ஆய்வுகள் எதிர்நாயக நடிகரின் உழைப்பையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

வீரப்பா, டி.எஸ். பாலையா, எஸ்.ஏ. அசோகன், ஆர்.எஸ். மனோகர், ஓ.ஏ.கே. தேவர் ஆகியோரின் நடிப்பு முறைகளும் இவ்வாறே தனித்தனியே ஆராயப்படின், தமிழ் எதிர்நாயக நடிப்பின் இலக்கணம் ஒன்றை வகுக்க இயலும். நாடகக் குழுக்களில் பயின்ற அத்தலைமுறையின் ஆட்டத்தைத் திருவிழாப் பொட்டலிலும் கீற்றுக் கொட்டகையிலும் அமர்ந்து கண்டவர்கள் இப்பள்ளத்தாக்கில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களது நினைவுகளை முறையாகப் பதிவுசெய்தல் இத்துறையில் அடுத்து நிகழவேண்டிய பணி. அதற்குக் காலம் குறைவாகவே உள்ளது.